காலம், இடம், தோழமை: வடசென்னையின் இசை அவைகள்

இசையைப் பற்றி நம்மவர் பேசத் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு வினாக்களே எழுகின்றன. அது ஆகுமானதா, ஆகாததா என்பது ஒன்று. பாடலின் கருத்து நல்லதா, தீயதா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு ஃபிக்ஹு நூல்களில் விடை தேடுகிறோம். இரண்டாம் வினாவுக்குப் பாடல் வரிகளைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு விடை காண்கிறோம். இரண்டும் வேண்டியவையே. ஆயினும் நம் முன்னோர் மூன்றாவதாக ஒரு வினாவையும் எழுப்பியிருக்கின்றனர். அந்தப் பாட்டு எப்பொழுது, எங்கே, எவரோடு சேர்ந்து கேட்கப்பட்டது என்பதே அவ்வினா.

ஹிஜ்ரி 298-இல் (கி.பி. 910) மறைந்த ஜுனைதுல் பக்தாதீ (ரஹ்) அவர்கள், ‘ஸமா’ எனப்படும் செவியேற்றலுக்கு மூன்று பொருத்தங்கள் வேண்டும் என்று கூறியதாக அறிவிக்கப்படுகிறது. அவை ஸமான், மகான், இக்வான். அதாவது காலம், இடம், தோழமை. இம்மூன்றையும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா உலூமுத்தீன்’ நூலில் செவியேற்றலின் ஒழுக்கங்களுக்கென ஒதுக்கிய பகுதியில் எடுத்து விளக்குகின்றார்கள். பாடுபவரின் தகுதியைப் பற்றி மட்டும் பேசாமல், கேட்பவர் கூட்டத்தின் தகுதியைப் பற்றியும் இவ்வளவு நுணுக்கமாகப் பேசிய இலக்கியம் வேறு மொழிகளில் அரிது.

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி வடக்கே நீளும் சென்னைப் பகுதியின் இசையை மதிப்பிட இந்த மூன்றாம் வினாவே ஏற்ற அளவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்து. அங்குள்ள பாடல்களை ஒலிப்பதிவில் கேட்டு ஒதுக்கியவர் பலர். ஒலிப்பதிவில் கேட்டுப் புகழ்ந்தவரும் சிலர் உண்டு. இரு சாராரும் பாதியையே கேட்டிருக்கின்றனர். மீதிப் பாதி, பாட்டைச் சூழ்ந்து அமர்ந்திருந்தவர்களிடம் இருக்கிறது.

இது ஃபத்வா அன்று. நரம்புக் கருவிகளையும் துளைக் கருவிகளையும் நான்கு மத்ஹபுகளைச் சார்ந்த பெரும்பான்மை அறிஞர்கள் விலக்கியிருக்கிறார்கள் என்பதும், இப்னு ஹஸ்ம் போன்றோர் அதில் மாறுபட்டார்கள் என்பதும், மணவிழாவில் தஃப் அடிக்க இசைவுண்டு என்பதும் வாசகர்கள் அறிந்தவை. ஈண்டு நாம் காண்பது திறனாய்வு நோக்கு ஒன்றையே.

வடக்கின் பழைய இசை

சென்னையின் இசை என்றவுடன் தெற்கே உள்ள சபாக்களை நினைப்பது வழக்கமாகிவிட்டது. 1920-களின் இறுதியில் சங்கீத வித்வத் சபை தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, நகரின் இசையுணர்வு வடக்கில் வேரூன்றியிருந்தது. தியாகராஜர் திருவொற்றியூர்த் திரிபுரசுந்தரியைப் பற்றி ஐந்து கீர்த்தனைகள் பாடினார். அவருடைய மாணவர் வீணை குப்பய்யர் அவ்வூரோடு நெருங்கிய தொடர்புடையவர். அவர் மகன் திருவொற்றியூர் தியாகய்யர் என்றே அறியப்பட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பத்தை மணலியின் முதலியார் ஒருவர் ஆதரித்தார். வள்ளலார் இராமலிங்கர் இளமையில் ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூருக்குச் சென்று வழிபட்டுப் பாடியவர்.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர் என்னும் குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்கள் வடசென்னைக்கு வந்து தங்கினார்கள். 1838-இல் மறைந்து அங்கேயே அடக்கமானார்கள். தொண்டியிலிருந்து வந்தவர் வாழ்ந்ததால்தான் தண்டையார்பேட்டை என்னும் பெயர் ஏற்பட்டது என்று நம்மில் பலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். கிழக்கிந்தியக் கம்பெனி எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு தண்டையார்பேட்டையையும் பெற்றது 1693-இல். ஊர்ப்பெயர் அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு மூத்தது. அவர்களின் பெருமைக்கு ஊர்ப்பெயரின் சான்று தேவையில்லை. பாடல்களின் சான்றே போதும்.

அப்பாடல்களில் பெரும்பகுதி கண்ணி என்னும் வடிவில் அமைந்தவை. இரண்டிரண்டு அடிகளாகச் செல்லும் கண்ணி ஒவ்வொன்றும் ஒரே விளிச்சொல்லில் முடியும். பராபரக்கண்ணி, ரகுமான் கண்ணி ஆகியவற்றின் அமைப்பை நோக்குக. ஒருவர் புதிய அடிகளைப் பாடுவார். முடியும் இடத்தை அவையினர் அனைவரும் முன்னரே அறிவர். ஆகவே ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும் கேட்பவர் பாடுபவராக மாறிவிடுவார். தனியே படிக்கும்போது சலிப்பூட்டக்கூடிய இந்த மறுவரவு, கூட்டத்தில் கதவைப்போல் திறந்து மூடுகிறது. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்கள்மீது நான்மணிமாலை பாடினார். முதலியார் குலத்துச் சீடர்களும் அவர்களுக்கு இருந்தனர். மஸ்தான் சாகிபின் அவை எத்தகையது என்பதற்கு இவையே சான்றுகள். அது ஒரு சமயத்தார் மட்டும் நிறைந்த அவையன்று.

தோழமை

இக்காலத்தில் அத்தகைய அவையை வடசென்னைத் தெருக்களில் கூட்டிக் காட்டியவர் இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபா (1925–2015). இருபது வயதுகளில் நாங்கள் நண்பர்கள் நால்வர் மீலாது மேடைகளில் அவர் கச்சேரி எங்கு நடந்தாலும் தேடிச் செல்வோம். ஒருவர் துறைமுகத்தில் கணக்கெழுதியவர். மற்றொருவர் திருவொற்றியூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். மூன்றாமவர் காசிமேட்டு மீனவக் குடும்பத்துக் கிறிஸ்தவர். நான்காமவன் அரபு மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த நான்.

ஹனிபாவின் குரலைப் பற்றி எழுதியவர்கள் அதன் கம்பீரத்தையே எழுதினர். அக்குரல் எங்கள் நால்வரிடமும் நான்கு வேலைகளைச் செய்தது என்பதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். துறைமுக நண்பர் சொற்களுக்காக வந்தவர். ஓர் அடியில் எதுகை நழுவினால் முகம் சுளிப்பார். பட்டறை நண்பருக்குத் தாளமே எல்லாம். டோலக் அரை மாத்திரை பின்தங்கினாலும் என் தொடையில் தட்டிக் காட்டுவார். மீனவ நண்பருக்கு ‘ஷஃபாஅத்’ என்றால் என்னவென்று தெரியாது. கச்சேரி முடிந்து தேநீர்க் கடை பெஞ்சில் அமர்ந்ததும் அதன் பொருளைக் கேட்பார். மறுமையில் நபி (ஸல்) அவர்கள் செய்யும் பரிந்துரை என்பதை அவருக்குப் புரியும் தமிழில் சொல்ல முயன்றபோதுதான், நான் மனனம் செய்து வைத்திருந்த விளக்கம் எவ்வளவு வறண்டது என்பதும், பாடகர் அச்சொல்லில் ஏன் குரலை இறக்கினார் என்பதும் எனக்குத் தெளிந்தன. தனியே கேட்டிருந்தால் அவ்வடியைக் கடந்து போயிருப்பேன். தோழமை என்பது இன்பத்தைப் பங்கிடுவது மட்டுமாகாது; அது ஒரு வகைத் திறனாய்வுமாகும்.

தோழமையைக் கெடுப்போர் மூவரை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) சுட்டுகின்றார்கள். மறுக்கும் மனத்தோடு வந்து அமரும் வறண்ட துறவி ஒருவர். அனைவரும் தம்மைக் கவனித்து மரியாதை செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கும் செல்வாக்குள்ள பெருமைக்காரர் மற்றொருவர். இல்லாத பரவசத்தை இருப்பதாகக் காட்டும் பாவனையாளர் மூன்றாமவர். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இப்பட்டியலோடு வடசென்னையின் எந்த மேடைக்கும் செல்லலாம். பாட்டின் உச்சத்தில் பிரமுகர் வருகிறார்; பாட்டு நிறுத்தப்படுகிறது; பொன்னாடை போர்த்தப்படுகிறது; மீண்டும் தொடங்கும்போது பாட்டு இறந்துவிட்டிருக்கிறது. இக்காலப் பாவனையாளரோ கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தாம் கேட்டதற்குச் சான்று சேகரிக்கிறார், ஆனால் கேட்பதில்லை. மறுப்பவரும் வருகிறார், மறுநாள் கண்டனம் செய்வதற்கு ஒரு வரி கிடைத்ததும் எழுந்து போய்விடுகிறார். பாடகரின் குறைகளை எழுதும் நம் விமர்சகர்கள் இம்மூவரைப் பற்றி எழுதுவதில்லை.

மரணமும் கானாவும்

பட்டறை நண்பர்தாம் என்னைக் கானா கேட்க அழைத்துச் சென்றார். கானா என்னும் சொல் அரபியின் ‘கினா’விலிருந்து வந்தது என்று நம்மில் சிலர் பெருமையோடு கூறுவர். அரபிச் சொல் கைன், நூன், யா என்னும் மூல எழுத்துகளில் பிறந்தது. கானா என்பதோ ‘பாடுதல்’, ‘பாட்டு’ என்னும் பொருளில் இந்தியிலும் உருதுவிலும் வழங்குவது. வடமொழி கானத்தின் வழி வந்தது. ஒலி ஒத்திருப்பதால் உறவு ஏற்பட்டுவிடாது. உருது பேசும் தெருக்கள் மிகுந்த நகரில் அச்சொல் தமிழ்ப் பாட்டுக்குப் பெயரானதில் வியப்பொன்றுமில்லை.

திரைப்படத்தின் வழியாகக் கானாவை அறிந்தவர்களுக்கு அது கேலிப் பாட்டாகவே தோன்றும். 1990-களில் இசையமைப்பாளர் தேவா அதைத் திரையில் பரப்பியபோது, கல்லூரி மாணவர் ஆட்டத்துக்கும் பெண்களைச் சீண்டும் காட்சிக்கும் அது பெரிதும் பயன்பட்டது. அதன் வேரோ இறப்பு வீட்டில் இருக்கிறது. மரண கானா என்பது, இறந்தவர் உடல் கிடத்தப்பட்டிருக்கும் இரவிலும் பின்னர் காரியத்தின்போதும் பாடப்படுவது. பாடகர் முதலில் உறவினரை அணுகி இறந்தவரின் பெயர், வயது, தொழில், மக்கள், அவர் விரும்பிய பண்டம் முதலியவற்றைக் கேட்டறிகிறார். பின்னர், தெரிந்த மெட்டில் அவ்விவரங்களைச் செருகிப் பாடத் தொடங்குகிறார். கருவிகள் எளியவை: சட்டி, டோலக், கிடைத்தால் ஆர்மோனியம், எதுவும் இல்லையேல் தீப்பெட்டியும் மரப்பலகையும்.

நண்பரின் தெருவில் முதியவர் ஒருவர் இறந்த இரவு அது. பாடகர் ஒரு விவரத்தைப் பிறழப் பாடினார். சுவரோரம் அமர்ந்திருந்த ஒருவர் அதைத் திருத்தினார். அடுத்த அடியிலேயே பாடகர் திருத்தத்தை ஏற்றுப் பாடினார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிலர் சிரித்துவிட்டனர். அந்தப் பாட்டின் ஆசிரியர் யார்? பாடகரா, திருத்தியவரா, விவரம் தந்த உறவினரா? நூல் வடிவில் ஆசிரியரைத் தேடிப் பழகிய நமக்கு இது புதிய வினா.

அரபு இலக்கியம் கற்றவர்க்கு இங்கே ‘ரிஸா’ என்னும் இரங்கற்பா நினைவுக்கு வரும். தம் சகோதரர் ஸக்ருக்காகக் கன்ஸா (ரலி) பாடிய இரங்கற்பாக்கள் இன்றும் அரபுக் கல்லூரிகளில் பயிலப்படுகின்றன. மார்க்கம் தடுத்தது ‘நியாஹா’வை, அதாவது விதியை வெறுத்து, மார்பில் அடித்து, ஆடையைக் கிழித்து ஒப்பாரி வைப்பதை. இறந்தவரின் நற்பண்பை எடுத்துரைக்கும் இரங்கற்பாவை அது அவ்வாறு தடுக்கவில்லை. இவ்வேறுபாடு கானாவைத் தரம்பிரிக்கவும் உதவும். இறந்தவரின் உழைப்பையும் குணத்தையும் பெயர் சொல்லி நினைவுகூரும் கானா ஒன்று. மதுவையும் கஞ்சாவையும் அரிவாளையும் போற்றி, அவற்றால் செத்தவனை வீரனாக்கும் கானா மற்றொன்று. இரண்டாம் வகை அப்பகுதியின் இளைஞர்களுக்குத் தீங்கு செய்கிறது என்பதில் ஐயமில்லை. அதனைக் காட்டி முதல் வகையையும் ‘ரவுடிப் பாட்டு’ என்று தள்ளிவிடுவது, நம் அண்டை வீட்டாரின் துக்கத்தையே தள்ளுவதாகும். செய்தித்தாளில் இரங்கல் விளம்பரம் கொடுக்க இயலாத தொழிலாளிக்கு, அவர் பெயரை உரக்கச் சொல்லும் ஓர் இரவு கிடைக்கிறது. அதை இழிவென்று சொல்ல நமக்கு என்ன தகுதி?

இடம்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இடத்தைப் பற்றிச் சொல்வது நமக்குச் சிக்கலை உண்டாக்குகிறது. மக்கள் நடமாடும் பொதுவழியும் காட்சிக்கு இனிமையற்ற இடமும் செவியேற்றலுக்கு ஆகாதவை என்கிறார்கள். வடசென்னையின் இசை நிகழ்வதோ பெரும்பாலும் தெருவில்தான். ஒருபுறம் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. மறுபுறம் கருவாட்டு வாடையும் ஆலைப் புகையும். எழுத்தின்படி பார்த்தால் அவை அனைத்தும் தகுதியற்றவை.

அவ்விதியின் காரணத்தை நோக்க வேண்டும். உள்ளம் சிதறாதிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். தனி மண்டபம் உடையவர்க்குத் தெரு சிதறல். ஓர் அறை வீட்டில் அறுவர் வாழ்வோர்க்குத் தெருவே கூடம். வீட்டில் சிதறிக் கிடக்கும் உள்ளம் அங்கேதான் ஒன்றுகூடுகிறது. ஈத் பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் சிறுமியர் இருவர் புஆஸ் போர்ப் பாடல்களைப் பாடியதையும், அபூபக்ர் (ரலி) கண்டித்தபோது நபி (ஸல்) அவர்கள் அச்சிறுமியரை விட்டுவிடுமாறு கூறியதையும் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கின்றன. புஆஸ் என்பது மதீனாவின் அவ்ஸ், கஸ்ரஜ் குலத்தாரிடையே ஹிஜ்ரத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த போர். அன்ஸாரிகளின் சொந்த ஊர் நினைவு. திருமணமொன்றில் அன்ஸாரிகள் இத்தகைய கேளிக்கையை விரும்புவோர் என்று நபி (ஸல்) அவர்கள் நினைவூட்டியதும் புகாரியில் உள்ளது. ஓர் ஊராரின் சுவையை அவ்வூராரின் நிலையிலிருந்து அறியும் பண்பு இதில் தெரிகிறது.

இவ்வளவுகோலில் இரண்டு அண்மைக்கால முயற்சிகளை ஒப்பிடலாம். 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடிய சென்னைப் புறம்போக்குப் பாடல், எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைக் கருநாடக இசையில் உரைத்தது. கபேர் வாசுகி எழுதிய சொற்கள் சென்னைத் தமிழ். மெட்டு அமைத்தவர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார். சபா மேடைக்கு அயலான மொழியை இராகமாலிகையில் ஏற்றிக் காட்டியது துணிவான செயல். ‘புறம்போக்கு’ என்னும் வசைச் சொல்லுக்குப் பொதுநிலம் என்னும் பொருளை மீட்டுத் தந்ததும் அதன் சாதனை. அதே மாத இறுதியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் பரவியபோதும், 2023 டிசம்பரில் கழிமுகத்தில் எண்ணெய் படிந்து, பின்னர் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து குப்பத்து மக்கள் வீட்டை விட்டு ஓடியபோதும், அப்பாடல் பலரால் நினைக்கப்பட்டிருக்கும். எண்ணூர் அதன் பொருளாகவும் காட்சியாகவும் இருக்கிறது. ஆயினும் நம்மில் பெரும்பாலோர் அதைக் கேட்டது அறையில், தனியே, திரையில். கருத்து நம்மை எண்ணூருக்கு அழைக்கிறது. கேட்கும் முறை நம்மை நாற்காலியிலேயே இருத்திவிடுகிறது.

மற்றொன்று, இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. பத்தொன்பது கலைஞர்களைக் கொண்ட அக்குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரி 6-இல் கீழ்ப்பாக்கத்தில் நடந்தது. சாதியற்ற தமிழர் என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெயர் பெற்ற குழு அது. பறை, சட்டி, கட்டமோளம் ஆகியவை கிதாரோடு ஒரே மேடையில் நின்றன. 2020 டிசம்பர் முதல் நடைபெற்ற மார்கழியில் மக்களிசை விழாக்கள், சபாக்களின் மாதத்திலேயே கானாவுக்கும் நாட்டுப்புறப் பாட்டுக்கும் மேடை தந்தன. ஆடவர் மட்டுமே பாடிவந்த கானாவில் இராயபுரத்து இசைவாணி தம் குரலைப் பதித்தார். 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். பெண்ணின் குரல் குறித்து நம்மிடையே உள்ள சட்டக் கருத்துகள் ஒருபுறம் இருக்க, திறனாய்வு நோக்கில் ஒன்று தெளிவு: பெண்ணைப் பேசுபொருளாக மட்டும் வைத்திருந்த ஒரு வடிவத்தில், பெண்ணே பேசத் தொடங்கியதும் அதன் பழைய கேலிகள் பல நாணிப் பின்வாங்கின.

பெருமேடை ஏறியதில் ஈட்டமும் உண்டு, இழப்பும் உண்டு. யாரும் தாழ்வாகக் கருத முடியாத இடத்தில் கானா நின்றது ஈட்டம். பாடல் முன்கூட்டியே முடிந்துவிட்டது என்பது இழப்பு. சுவரோரம் இருந்தவர் திருத்தினால் அடுத்த அடி மாறும் வாய்ப்பு அங்கில்லை. ஒலிபெருக்கிச் சுவரின் முன் அவர் திருத்தினாலும் கேட்காது. ஆயிரம் பேரின் கைதட்டல் பெரிதுதான். ஒருவரின் திருத்தத்தை அது ஈடுசெய்யாது.

காலம்

தொழுகை வேளையிலும் உள்ளம் வேறொன்றில் ஈடுபட்டிருக்கும் வேளையிலும் செவியேற்றல் கூடாது என்பது காலம் பற்றிய நெறி. வடசென்னையில் காலத்தை வகுத்தவை ஆலைச் சங்கும் கடலும். திருவொற்றியூரிலும் மணலியிலும் மூன்றாம் ஷிப்டுக்குப் போவோர் இரவு பத்துக்குள் புறப்பட வேண்டும். காசிமேட்டில் படகுகள் விடியுமுன் கிளம்பும். இஷாவுக்குப் பின் தொடங்கிய கச்சேரி நள்ளிரவைத் தாண்டிய காலத்தில், முதல் பாதிக்கு ஒரு கூட்டமும் பின்பாதிக்கு வேறொரு கூட்டமும் இருக்கும். இரண்டாம் ஷிப்டு முடிந்து சீருடையோடு வருவோர்க்காகப் பாடகர்கள் முதலில் பாடியதையே மறுபடியும் பாடுவதுண்டு.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கியை நிறுத்தின. நோயாளிக்கும் படிக்கும் பிள்ளைக்கும் அண்டை வீட்டார் என்னும் உரிமை உண்டாகையால், அவ்விதியைக் குறைகூற இடமில்லை. ஆனால் அதற்கேற்ப நம் விழாக்குழுவினர் எதைக் குறைத்தார்கள்? வரவேற்புரை குறையவில்லை, வாழ்த்துரை குறையவில்லை, பொன்னாடைகளும் குறையவில்லை. பாட்டு குறைந்தது. இரண்டாம் ஷிப்டுத் தொழிலாளி வந்து சேரும்போது மேடை அவிழ்க்கப்படுகிறது.

பதிவு

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானீ தொகுத்த ‘கிதாபுல் அகானி’யின் இராகங்களை இன்று யாராலும் பாடிக்காட்ட இயலாது. ஆயினும் அந்நூல் வாழ்கிறது. ஒவ்வொரு பாட்டோடும் அதை யார் இயற்றினார், யார் பாடினார், எந்த அவையில், யார் முன்னிலையில், அன்று என்ன நடந்தது என்பவற்றையும் அவர் எழுதிவைத்ததே காரணம். இசை போய்விட்டது, அவை எஞ்சியது.

நம் நிலை அதற்கு நேர் எதிரானது. ஹனிபாவின் குரல் கைப்பேசியில் எப்போதும் கிடைக்கிறது. கானாக்கள் ஆயிரக்கணக்கில் வலையொளியில் உள்ளன. அவற்றைச் சூழ்ந்திருந்த கூட்டங்களைப் பற்றி ஒரு பக்கமும் எழுதப்படவில்லை. மீலாது மேடைகளில் டோலக் வாசித்தவர் யார், எந்தத் தெருவில் எந்தக் கண்ணிக்கு மக்கள் உடன்பாடினர், மரண வீட்டில் யார் எதைத் திருத்தினார் என்பனவெல்லாம் இன்று அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்களில் பாதிப்பேர் முஸ்லிம்கள் அல்லர். அவர்களிடம் சென்று கேட்டால், நம் பாடல்களைப் பற்றியே நாம் அறியாதவற்றை அவர்கள் சொல்வார்கள். மீனவ நண்பர் தேநீர்க் கடையில் கேட்ட ஒரு வினா, எனக்கு ஓர் ஆசிரியர் தராத விளக்கத்தைத் தந்தது போல.

அரபுக் கல்லூரி மாணவர்கள் ஆண்டுதோறும் ஆய்வேடு எழுதுகின்றனர். தலைப்புக்காகக் கெய்ரோ வரை தேடுவோர், ஒரு முறை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இறங்கி, இஷாவுக்குப் பின் வாசலில் அமர்ந்திருக்கும் முதியவர்களிடம் குறிப்பேட்டோடு சென்று அமரலாம். கேட்க வேண்டியவை மூன்றே: எந்தக் காலம், எந்த இடம், யார் யார் உடனிருந்தார்கள்?